கறுப்புக்கு அடியில்

கிடாரின் முதுகிலும் இடுப்பிலும் இருந்த கறுப்புப் பெயின்ட்டைச் சின்னவள் உரித்து முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது முகம்தான்.

பரணிலிருந்து அதை இறக்கிய கதையைப் போன வாரம் பார்த்தோம். "அந்தக் கறுப்பு அப்படியே இருக்கட்டும்மா, தொடாதே" என்று அப்பா சொன்னதையும், "நீங்க பண்ணினது போதும், இனிமே நான் பாத்துக்கறேன்" என்று இவள் வெடுக்கென்று சொல்லிவிட்டு பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டதையும் பார்த்தோம். சாத்திய கதவு அப்படியே கிடந்தது என்று நினைக்க வேண்டாம். அப்பா தினமும் வந்து கதவைத் திறப்பார், வாயையும் திறப்பார், பிறகு இரண்டையும் மூடிக்கொண்டு போய்விடுவார்.

இன்று சாயங்காலம் பெரியவன், அவள் அண்ணன், வருகிறான். பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் இந்த வீட்டுக்குள் காலை வைக்கப்போகிறான்.

அவனை வரவழைத்தது இவளும் இல்லை, அம்மாவும் இல்லை. அவனுடைய மகள். "ஏய் பல்லி, அந்தக் கறுப்புக் கிடார் இன்னும் பரண்லதான் இருக்கா? என் பொண்ணு கத்துக்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறா. வந்து எடுத்துட்டுப் போறேன்" என்று போனில் கேட்டான். சின்ன வயதில் அவன் வாசிக்கும்போதெல்லாம் இவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பாளாம், அதனால் பல்லி. பிற்பாடு அவள் பொய்ப் பல் செய்கிற லேபில் வேலைக்குச் சேர்ந்ததும், "பேருக்கேத்த உத்தியோகம்" என்று சிரித்தவனும் அவன்தான்.

கறுப்புக் கிடார் என்று அவன் சொன்னதுதான் இவளைச் சுட்டது. அது கறுப்பாக வாங்கிய கிடார் இல்லை. முதல் சம்பளத்தில் அவன் வாங்கி வந்தபோது நல்ல தேன் நிறத்தில் இருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா, லிஃப்ட்டின் கம்பிக் கதவுக்கு அடிக்கிற கறுப்பு எனாமலை எடுத்து ஒரே நாளில் அதன்மேல் அப்பினார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பெரியவன் "யார் பண்ணினது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். "நான்தான்" என்றார் அப்பா. அவ்வளவுதான். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போனவன், அதற்குப் பிறகு அப்பாவோடு பேசுவதே இல்லை. வாரம் தவறாமல் அம்மாவுக்குப் போன் வரும். தப்பித்தவறி அப்பா எடுத்தால் அந்தப் பக்கம் வைத்துவிடுவான்.

அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த இவள் அண்ணன் பக்கம் சேர்ந்துகொண்டாள். சைக்கிள் செயின் கழன்றால்கூட அப்பாவிடம் சொல்லாமல் தள்ளிக்கொண்டே போனாள். தேன் நிறத்தில் அந்தக் கிடாரை அண்ணன் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவன் சிரித்துக்கொண்டு இந்த வீட்டில் ஒரு வேளையாவது உட்கார வேண்டும். இவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

காலையிலிருந்தே வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை.

அம்மா முன்னறையில் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தாள். துணி தைத்து, தொளதொளப்பைப் பிடித்து, இறுக்கத்தைப் பிரித்து விட்டு, தேய்த்துக் கொடுப்பது அவள் தொழில். இன்றைக்கு ஒரே சட்டையைத் தேய்ப்பதும் உதறுவதும் மறுபடி விரிப்பதுமாக இருந்தாள். அந்தச் சட்டைக்கு வாய் இருந்தால் அழுதிருக்கும்.

"சாயங்காலம்னா எத்தனை மணி சாயங்காலம்?" என்றாள்.

"சாயங்காலம்னா சாயங்காலம்தான்மா. ஒரு வேலை இருக்காம், முடிச்சுட்டு வரேன்னான்."

"சாப்பிட்டுட்டுப் போவானா?"

"நீ கேக்க வேண்டியதுதானே? வாரா வாரம் மணிக்கணக்கா பேசறே."

அம்மா இஸ்திரிப் பெட்டியை 'டக்' என்று அதன் தட்டில் வைத்தாள். பழைய கனமான பெட்டி. புதிதாக வாங்கிக் கொடுத்தது அட்டைப் பெட்டியைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை. "முன்பக்கத்தையும் உரிக்கப் போறியா?" என்று கேட்டாள், கையில் இருந்த சட்டைக் காலரைப் பார்த்தபடி.

"பின்னே? மூஞ்சியை மட்டும் கறுப்பா விட்டா முகமூடி போட்ட மாதிரி இருக்காதா?"

"பின்னாடி அழகா வந்திருக்கேன்னு சொன்னேன். அது போதுமேன்னு."

"நீயும் அப்பாவும் பேசி வெச்சுக்கிட்டீங்களா? அவரும் அதையேதான் சொல்றார்."

அம்மா அதே சட்டையை மறுபடி விரித்தாள்.

அப்பா வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். எழுந்து நிற்பார், கதவுவரை போவார், காதைத் தீட்டிக்கொண்டு திரும்புவார். வராந்தாவின் திருப்பத்துக்கு அப்பால் இருக்கிற அந்தப் பழைய கம்பிக் கதவு லிஃப்ட் இந்த வீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அவர் காது இன்னும் ஓய்வு பெறவில்லை.

"காலிப் பெட்டி இறங்குது" என்றார், யாரும் கேட்காமலே. லிஃப்ட் அவருக்கு எப்போதும் பெட்டிதான். "யாரோ கீழேயிருந்து கூப்பிடறாங்க."

சின்னவள் தேநீரை உறிஞ்சினாள்.

"ஆள் ஏறி இறங்கினா லேசா வழுக்கிட்டுப் போகும். காலிப் பெட்டியை இறக்கத்தான் மோட்டார் முக்கும். அந்தப் பக்கம் எடைக்கட்டை தொங்கி இழுக்குதில்ல, அதனால" என்றார்.

"நூறு தடவை சொல்லியாச்சுப்பா."

"கேட்டு வெச்சுக்கோன்னு சொன்னேன்." அவர் செருப்பை மாட்டினார். "கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வரேன்." என்ன வாங்க என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

பால்கனியில் செய்தித்தாளை விரித்து, மூக்குக்கு லேப் முகமூடியைக் கட்டிக்கொண்டு, சின்னவள் கிடாரின் முகத்தில் பெயின்ட் கரைக்கிற பசையைத் தடவினாள். தந்திகளை வாரத் தொடக்கத்திலேயே கழற்றிவிட்டிருந்தாள். பசை தடவினால் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது அவளுக்கு வராத காரியம். ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள், கம்பியில் சாய்ந்து தெருவைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி சுரண்டினாள். கடைசியில் எனாமல் சுருங்கிப் பொங்க ஆரம்பித்தது.

இரும்புத் தகடால் சுரண்டினால் மரம் கீறிவிடும் என்பதற்காக, காலாவதியான வங்கி அட்டை ஒன்றை வைத்து மெல்ல வழித்தாள். கறுப்புத் தோல் சுருள் சுருளாக வந்தது. அடியில் வெளிர் மரம், நேர்நேரான மெல்லிய ரேகைகளோடு எட்டிப் பார்த்தது. இவ்வளவு நல்ல மரத்தின்மேல் கதவுப் பெயின்ட்டை அப்ப எப்படித்தான் மனசு வந்தது இந்த மனுஷனுக்கு என்று பல்லைக் கடித்தாள்.

தந்தி கட்டுகிற கட்டைக்குக் கீழே, கிடாரின் அகலமான வயிற்றுப் பக்கம் வந்தபோது அட்டை ஓரிடத்தில் வேறு மாதிரி வழுக்கியது.

அங்கே இருந்தது மரம் இல்லை. பட்டி. சுவர் ஓட்டையை அடைக்கிற அதே பட்டியை வைத்து அடைத்து, நைசாகத் தேய்த்து, அதற்கு மேல் கறுப்பு அடித்திருந்தது. அடைத்த பல்லையும் சொந்தப் பல்லையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வது அவள் பிழைப்பு. இது அடைத்த பல்.

லேபிலிருந்து கொண்டுவந்திருந்த மெழுகு செதுக்கும் கத்தியை எடுத்து, ஓரத்திலிருந்து பட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பினாள். பூராவும் வந்ததும் தூசியை ஊதினாள்.

அடியில் மரம் கருகியிருந்தது. ஒரு முனை கூர்மை, மறுமுனை தட்டை. படகா? இலையா? தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். அப்பா எதையாவது சூடாகக் கொண்டுவந்து வைத்தாரா? ஈயம் பற்றவைக்கிற கருவி இப்படி அடையாளம் விடாதே?

முன்னறையில் 'டக்' என்று சத்தம் கேட்டது. அம்மா இஸ்திரிப் பெட்டியைத் தட்டில் வைக்கிற சத்தம். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்.

சின்னவளின் கை அப்படியே நின்றுவிட்டது.

இருக்காது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவள் தொழிலில் 'இருக்காது' என்பதற்கு மதிப்பில்லை, பொருத்திப் பார்க்க வேண்டும். மெல்லிய காகிதம் ஒன்றைக் கருகலின் மேல் வைத்து, பென்சிலால் விளிம்பை எடுத்து, கத்தரித்தாள். கூர்முனையில் இடது பக்கம் ஒரு சின்ன மூளி. அதையும் விடாமல் கத்தரித்தாள். அதை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

காகிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

"எதுக்குடி இந்த பேட்டர்ன்?" என்றாள் அம்மா. தையல்காரி ஆயிற்றே, வெட்டிய காகிதத்தைக் கண்டால் சும்மா இருக்குமா கை? பழக்கதோஷத்தில் பெட்டியை அதற்கு நேரே கொண்டுபோனாள். கூர்முனைக்குக் கூர்முனை, மூளிக்கு மூளி. காகிதத்துக்கு விரல் உயரத்தில் பெட்டி நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கியது.

அம்மா பெட்டியைத் தட்டில் வைத்தாள். சுவர் பக்கம் போய் பிளக்கைப் பிடுங்கினாள். வேலை நேரத்தில் அவள் பிளக்கைப் பிடுங்கி சின்னவள் பார்த்ததே இல்லை.

"தெரியாம பட்டுடுச்சாம்மா?" பட்டுடுச்சு என்று சொல்லிவிட மாட்டாளா என்றிருந்தது சின்னவளுக்கு.

"தெரியாம பட்டா மேலாக சிவக்கும். இப்படிக் கருகாது. நீயே பாத்திருப்பியே."

"அப்போ?"

"அழுத்திப் பிடிச்சேன்." அம்மா முக்காலியில் உட்கார்ந்தாள். "கப்பல்ல வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க, போறேன்னு குதிச்சான். பையெல்லாம் எடுத்து வெச்சுட்டான். அந்தக் கிடார் கட்டில் மேல கிடந்தது. இது இல்லன்னா எப்படிப் போவான்னு தோணிச்சு. கையில பெட்டி இருந்தது, வெச்சுட்டேன். புகை வந்தப்பவும் எடுக்கல."

"அப்பா?"

"சாப்பிட வந்தவர் பாத்தார். ஒரு வார்த்தை கேக்கல. பட்டியை அடைச்சு, காய விட்டு, கதவுப் பெயின்ட்டைக் கொண்டுவந்து அடிச்சார். அவன் வந்து யார் பண்ணினதுன்னான். நான்தான்னுட்டார்."

"நீ பக்கத்துலதானே நின்னே?"

"நின்னேன்."

"வாயைத் திறக்கல."

"திறக்கல." அம்மா காகிதத்தை எடுத்து மடியில் வைத்து விரலால் நீவினாள். "கிடார் இல்லாமலேயே போயிட்டான். எதுக்காகப் பண்ணினேனோ அதுவும் நடக்கல. முதல் போன் வந்தப்ப சொல்லிடணும்னுதான் எடுத்தேன். 'அம்மா'ன்னான். அந்த ஒரு சொல் போயிடுமோன்னு அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு விட்டேன். ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம்தான்."

சின்னவளுக்குக் கோபம் வந்தது. அம்மாமேல் வந்தது, அதைவிட அதிகமாகத் தன்மேல் வந்தது. செயின் கழன்ற சைக்கிளை வெயிலில் தள்ளிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது. ஜன்னலில் நின்று அப்பா பார்த்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. போன வாரம் சொன்ன 'நீங்க பண்ணினது போதும்' இப்போது அவள் நெஞ்சிலேயே வந்து குத்தியது.

பால்கனிக்குத் திரும்பினாள். சும்மா நிற்க முடியவில்லை. உப்புத்தாளை எடுத்து மரத்தைத் தேய்த்தாள், ரேகை போகும் போக்கிலேயே. கருகலைத் தேய்த்து எடுத்துவிட முடியுமா என்று பார்த்தாள். முடியாது. அவ்வளவு ஆழம் தேய்த்தால் மரத்தில் ஓட்டை விழுந்துவிடும்.

அரக்குப் பாலிஷைக் கிண்ணத்தில் ஊற்றி, பஞ்சைத் துணியில் சுருட்டி முக்கியபோது, பால்கனிக் கதவு திறந்தது.

அப்பா. இன்றைக்கு வாயைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. கையில் ஒரு பிரஷ், ஒரு சின்ன டப்பா. டப்பாவின் மூடியில் கறுப்பு வட்டம்.

கீழே கிடந்த கிடாரைப் பார்த்தார். கருகலைப் பார்த்தார். செய்தித்தாள் மேல் கிடந்த பட்டித் துண்டுகளைப் பார்த்தார்.

"சீக்கிரம் காயற பெயின்ட்மா. மூஞ்சிக்கு மட்டும் ஒரு கோட் அடிச்சா அவன் வர்றதுக்குள்ள காஞ்சிடும். பின்பக்கம் நீ பண்ணினபடியே இருக்கட்டும்" என்றார்.

"எனக்குத் தெரியும்ப்பா. அம்மா சொல்லிட்டாங்க."

அப்பா டப்பாவைக் கையில் உருட்டினார். "தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது. நீ வீட்டோட இருக்கறவ. அவன் அப்படி இல்லையே" என்றார்.

"உங்க பேர் கெட்டது போதும்ப்பா."

"லிஃப்ட்டுக்கு நாலு கயிறு போடுவோம். மூணு அறுந்தாலும் ஒண்ணு பெட்டியைத் தாங்கும். இந்த வீட்டுக்கும் அவனுக்கும் நடுவுல நாலெல்லாம் கிடையாது. நான் அறுந்துட்டேன். அவ ஒருத்திதான் தாங்கிட்டிருக்கா. அதையும் அறுக்கச் சொல்றியா?" குரல் உயரவே இல்லை. குனிந்து டப்பாவின் மூடியை ஸ்குரூடிரைவரால் நெம்பினார். அவர் சட்டைப் பையில் இன்றும் ஒரு ஸ்குரூடிரைவர் இருக்கும், உத்தியோகம் முடிந்தாலும்.

சின்னவள் கிடாருக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. உண்மை தெரிந்தால் அந்த வாராந்திரப் போனும் நின்றுவிடலாம். தெரியாவிட்டால் இந்த மனுஷன் சாகும்வரை மகன் குரலைக் கேட்கப்போவதில்லை. கறுப்பை உரித்தவள் அவள். இப்போது கையில் பாலிஷ் துணியோடு திருதிருவென்று விழித்தாள்.

"நகரு" என்றாள் அம்மா.

எப்போது வந்து நின்றாள் என்று இருவருக்குமே தெரியாது. சின்னவளை ஒதுக்கிவிட்டு, செய்தித்தாள் மேல் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கருகலை ஒரு தடவை பார்த்தாள். அவள் அதைப் பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. பிறகு மகள் கையில் இருந்த பாலிஷ் துணியை வாங்கினாள்.

"துணியை இப்படியா மடிப்பே? மடிப்பு கீழ இருந்தா கோடு விழும்" என்று அதைப் பிரித்து, பஞ்சை நடுவில் வைத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டினாள். கிண்ணத்தில் லேசாகத் தொட்டு, கருகலின் மேலேயே முதல் இழுப்பு இழுத்தாள்.

தெளிவான அரக்கு பட்டதும் கருகல் மறையவில்லை. இன்னும் பளிச்சென்று தெரிந்தது. சுற்றியிருந்த மரம் தேன் நிறத்துக்கு வந்தது.

"ஏய், நீ எதுக்கு..." என்றார் அப்பா.

"அந்த டப்பாவை மூடி வைங்க, காஞ்சிடும்" என்றாள் அம்மா. திரும்பிப் பார்க்கவில்லை. கை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. "நாளைக்கு லிஃப்ட் கதவுக்காவது ஆகும்."

அப்பா டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. அமுக்கியதில் விரலெல்லாம் கறுப்பாயிற்று.

பாலிஷ் காயக் காய அம்மா இன்னொரு பூச்சு, இன்னொரு பூச்சு என்று போட்டுக்கொண்டே இருந்தாள். சின்னவள் ஊதினாள். ஊதினால் சீக்கிரம் காயாது என்று தெரிந்தும் ஊதினாள். சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மூன்று பேருக்கும் மூச்சே ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவின் தலை நிமிர்ந்தது.

"பெட்டி ஏறுது" என்றார். கொஞ்சம் கேட்டார். "ஒரு ஆள். கூட ஒரு கால் ஆள்."

"வேற யாராவது இருக்கும். சாயங்காலம்தானே வரேன்னான்" என்றாள் சின்னவள்.

லிஃப்ட் இந்த மாடியில் நின்றது. கம்பிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்பா காத்திருந்தார், மூடுகிற சத்தத்துக்காக. அது வரவில்லை. அவர் நெற்றி சுருங்கியது. அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தது அம்மா. பெரியவன் தாடி விட்டிருந்தான், காதோரம் நரைத்திருந்தது. போனில் கேட்ட குரல் இந்த உடம்புக்குள் எப்படி இருக்கிறது என்று அம்மா ஒரு கணம் தடுமாறியது தெரிந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, முன்பல் விழுந்த ஒரு சிறுமி.

"வேலை சீக்கிரம் முடிஞ்சிடுச்சும்மா. கீழ வண்டி நிக்குது, கிடாரை வாங்கிட்டு அப்படியே கிளம்பறோம்" என்றான். அம்மா அவன் கையைப் பிடித்தாள். "என்னம்மா, கையெல்லாம் பிசுபிசுன்னு?" என்றான். அறைக்குள் நின்றிருந்த அப்பாவின் பக்கம் அவன் கண் போகவே இல்லை. ஒரு நாற்காலியைச் சுற்றிப் போவது மாதிரி பார்வை அவரைச் சுற்றிக்கொண்டு சின்னவளிடம் வந்தது. "எங்கடி பல்லி, எங்க அது?"

சிறுமி யாரையும் கேட்கவில்லை. பால்கனிக்கே ஓடிவிட்டாள்.

"தொடாதே கண்ணா, ஈரம்" என்று சின்னவள் பின்னாலேயே ஓடினாள்.

சிறுமி தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "அப்பா, இது கறுப்பே இல்ல. இதுல இஸ்திரிப் பெட்டி வரைஞ்சிருக்காங்க" என்றாள்.

பெரியவன் வந்தான். கிடாரைப் பார்த்ததும் அவன் முகத்தில் முதலில் வந்தது சிரிப்புதான். தேன் நிறம். சின்னவள் வாரம் முழுக்கக் காத்திருந்த சிரிப்பு. அது பாதியில் நின்றுவிட்டது. மகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கருகலைத் தொடாமல் அதன் விளிம்பு மேலாக விரலைக் காற்றில் ஓட்டினான். கூர்முனையில் மூளியிடம் விரல் நின்றது. அவன் பள்ளிச் சட்டைகளையெல்லாம் தேய்த்த பெட்டி.

"யார் பண்ணினது?" என்றான்.

அதே கேள்வி. அப்பாவின் வாய் தானாகத் திறந்தது. "நா..."

"நான்" என்றாள் அம்மா.

அப்பா கையை உயர்த்தி ஏதோ சொல்லப் போனார். அம்மா அவரைப் பேசவிடவில்லை. "பெயின்ட் அடிச்சதுதான் அவர். பெட்டியை வெச்சது நான். நீ கப்பலுக்குப் போகக்கூடாதுன்னு தெரிஞ்சேதான் வெச்சேன். பழியை அவர் வாங்கிக்கிட்டார், நானும் கொடுத்துட்டேன். இவ்வளவு நாளா நீ என்கிட்ட பேசினதுல பாதி அவருக்குச் சேர வேண்டியது."

பெரியவன் எழுந்தான். அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தான். வந்ததிலிருந்து முதல் தடவையாக, நேராக, வெகுநேரம் பார்த்தான். அப்பாவுக்கு அந்தப் பார்வையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கறுப்புப் படிந்த விரல்களைச் சட்டையில் துடைத்தார்.

கீழேயிருந்து யாரோ கம்பிக் கதவை உலுக்கிக் கத்தினார்கள். "யாருங்க மேல? லிஃப்ட் கதவைச் சாத்துங்க."

"கதவைச் சாத்தாம வந்துட்டியா?" என்றார் அப்பா. பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் மகனோடு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"உடனே இறங்கிடலாம்னு..." பெரியவன் வாசல் பக்கம் பார்த்தான். "சாத்தலப்பா."

அதற்கு மேல் அவன் நிற்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனான். கிடாரை எடுக்கவில்லை. வராந்தாவில் இரண்டு ஜோடிக் காலடிகள் திருப்பம்வரை கேட்டன. கம்பிக் கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. மோட்டார் உறுமியது. லிஃப்ட் இறங்க ஆரம்பித்தது.

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "போயிட்டான்" என்றாள். "என்கிட்ட ஒரு வார்த்தை பேசாம போயிட்டான்."

சின்னவள் வாசலுக்கு ஓடப்போனாள். அப்பா ஒரு விரலை உயர்த்தி அவளை நிறுத்தினார். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, மோட்டார் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். மூடிய கண்ணின் ஓரத்தில் ஈரம் கசிந்தது.

"முக்குது" என்றார். "காலிப் பெட்டிதான் இறங்குது."